சுவர்ப்பாசியில் நீர்க்கரடி தேடுவது எப்படி?

நீர்க்கரடி என்ற எட்டுக்கால் நுண்பிராணியைப் பற்றிக் கேள்விப்படாதவர்கள் இப்போது குறைவு. விண்வெளிக்குப் போய்ப் பிழைத்து வந்தது, பல ஆண்டுகள் உறைந்து கிடந்து எழுந்து நடந்தது என்று அதன் புகழ் எங்கும் பரவிக் கிடக்கிறது. ஆனால் நேரில் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டால் பெரும்பாலும் இல்லை என்றுதான் பதில் வரும். ஏதோ ஆய்வுக்கூடத்துப் பிராணி என்று நினைத்துவிடுகிறோம். உண்மையில் அது சுவரிலும் மரப்பட்டையிலும் கூரை ஓட்டிலும் ஒட்டிக்கொண்டிருக்கும் பாசிக்குள் குடியிருக்கிறது. கொஞ்சம் பாசி, கொஞ்சம் தண்ணீர், ஒரு ராத்திரி, பள்ளிப் பிள்ளைகள் பயன்படுத்தும் தரத்தில் ஒரு மைக்ராஸ்கோப். இவ்வளவு போதும்.

1773இல் நீர்க்கரடியை விவரித்து எழுதிய யோஹான் ஆகஸ்ட் கெட்ஸே ஒரு ஜெர்மானிய மதபோதகர். அவர் காலத்துக் கருவியோடு ஒப்பிட்டால் இன்றைய சாதாரண மைக்ராஸ்கோப் எந்த விதத்திலும் குறைந்ததல்ல. அதனால் நல்ல கருவி வாங்கியபின் பார்க்கலாம் என்று தள்ளிப்போட வேண்டாம். இந்த வேலை கெடுவது பெரும்பாலும் இரண்டு காரணங்களால்தான்: வெளிச்சம் தவறான பக்கத்திலிருந்து வருவது, கண் அவசரப்படுவது.

தேவையான பொருள்கள்

20 முதல் 40 மடங்கு பெரிதாக்கும் மைக்ராஸ்கோப் வேண்டும். இரண்டு கண்ணாலும் பார்க்கும் ஸ்டீரியோ மைக்ராஸ்கோப் கிடைத்தால் அதுதான் இதற்கு மிகவும் ஏற்றது. தட்டை அப்படியே அடியில் வைத்துத் தேடலாம். பள்ளிகளில் இருக்கும் சாதாரண வகை என்றால் 10 மடங்கு கண்ணருகு லென்ஸும் 4 மடங்கு பொருளருகு லென்ஸும் சேர்ந்து 40 மடங்கு கிடைக்கும், அதுவும் சரிதான். பெட்டியில் 1200 மடங்கு, 2000 மடங்கு என்று அச்சடித்திருப்பதைப் பார்த்து மயங்காதீர்கள். அதிகம் பெரிதாக்கினால் பார்வைப் பரப்பு சுருங்கிவிடும், தேடவே முடியாது.

மற்றபடி தட்டையான அடிப்பாகம் உள்ள, ஆழம் குறைந்த தெளிவான தட்டு (பெட்ரி தட்டு என்றால் நல்லது), டிராப்பர், கறுப்புக் காகிதம், சின்ன டார்ச், சில காகித உறைகள்.

தண்ணீர் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் கவனம். மழைநீரோ பாட்டில் குடிநீரோ பயன்படுத்துங்கள். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீர் இந்தப் பிராணிகளுக்கு ஆகாது.

படி 1: பாசி எடுப்பது

எந்தப் பச்சையும் பாசி ஆகிவிடாது. தரையில் கால் வழுக்கச் செய்யும் வழவழப்பான பச்சைப் படலம் நமக்கு வேண்டாம். கிட்டப் பார்த்தால் நுணுக்கமான இலைகள் தெரிய வேண்டும்; தொட்டால் மெத்தென்று, சிறு திண்டு போலத் தடித்திருக்க வேண்டும். கல்லிலும் பட்டையிலும் சாம்பல், மஞ்சள் நிறத்தில் செதில் செதிலாகப் படரும் லைக்கனும் பயன்படும்.

புதிதாகத் தேடுபவர்கள் எப்போதும் ஈரமாக இருக்கும் செழிப்பான பாசியைத்தான் முதலில் எடுப்பார்கள். நான் சொல்வது அதற்கு நேர்மாறு. மழையில் நனைந்து, வெயிலில் சருகாகி, மறுபடி நனையும் இடத்துப் பாசியை எடுங்கள். சுவரின் மேல்விளிம்பு, மரத்தின் அடித்தண்டு, பழைய ஓடு எல்லாம் நல்ல இடங்கள். இப்படி மாறி மாறிக் காய்வதைத் தாங்குவதுதான் நீர்க்கரடியின் பலம். தாங்க முடியாத எத்தனையோ பிராணிகள் அங்கே தங்குவதில்லை. அதனால் தட்டில் கூட்டம் குறைவு, தேடுவதும் சுலபம்.

கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு துண்டு போதும். முழுத் திண்டையும் பெயர்க்காதீர்கள், பாசி மெதுவாகத்தான் வளரும். அடியில் ஒட்டியிருக்கும் கொஞ்சம் மண்ணோடு எடுத்துக் காகித உறையில் போட்டு, இடத்தையும் தேதியையும் எழுதிவையுங்கள். பிளாஸ்டிக் பையில் ஈரத்தோடு அடைத்தால் பூஞ்சை பிடித்து நாறும். காகித உறையில் காய்ந்த பாசி மாதக்கணக்கில் அப்படியே இருக்கும், உள்ளே இருப்பவையும் அதோடு காய்ந்து காத்திருக்கும். நாலைந்து இடங்களிலிருந்து தனித்தனி உறைகளில் எடுப்பது நல்லது. ஒரே சுவரில் ஒரு திண்டில் நிறையவும் பக்கத்துத் திண்டில் ஒன்றுகூட இல்லாமலும் இருப்பது சகஜம்.

படி 2: ஊறவைப்பது

பாசியைத் தட்டில் தலைகீழாக, அதாவது இலைப்பக்கம் கீழே இருக்கும்படி வையுங்கள். மூழ்கும் அளவுக்கு மட்டும் தண்ணீர் ஊற்றி ராத்திரி முழுக்க விட்டுவிடுங்கள். சில மணி நேரத்திலேயே விழித்துவிடும் என்றாலும் சாயங்காலம் ஊறவைத்துக் காலையில் பார்ப்பதுதான் வசதி. வெயிலில் வைக்க வேண்டாம்.

காலையில் பாசியைத் தட்டுக்கு மேலே பிடித்து நன்றாகப் பிழியுங்கள், கொஞ்சம் உதறுங்கள். பழுப்பாக இறங்கும் அந்தக் கலங்கல் தண்ணீர்தான் நமக்கு வேண்டிய சரக்கு. பாசியை எடுத்துவிட்டுப் பத்து நிமிடம் தட்டை அசைக்காமல் விட்டால் மண் படியும். நீர்க்கரடிக்கு நீந்தத் தெரியாது. அதுவும் அடியில்தான் கிடக்கும். தண்ணீர் அதிகமாக இருந்தால் மேல்மட்டத்து நீரை டிராப்பரால் மெல்ல எடுத்துவிடலாம்.

படி 3: தேடுவது

தட்டுக்கு அடியில் கறுப்புக் காகிதம் வையுங்கள். டார்ச்சைப் பக்கவாட்டில், தட்டின் மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். நீர்க்கரடியின் உடல் கிட்டத்தட்ட கண்ணாடி மாதிரித் தெளிவானது. கீழிருந்து பளீரென்று விளக்கு எரிந்தால் வெளிச்சம் அதை ஊடுருவிப் போய்விடும், கண் முன்னாலேயே இருந்தாலும் தெரியாது. பக்கத்திலிருந்து வரும் ஒளியில் கறுப்புப் பின்னணிமேல் அதே உடல் வெள்ளையாக மின்னும். கீழ்விளக்கு மட்டுமே உள்ள மைக்ராஸ்கோப் என்றால் அதை அணைத்துவிட்டு டார்ச்சைப் பயன்படுத்துங்கள். மேடையிலுள்ள துளை மேல் கறுப்புக் காகிதத்தை வைத்தால் ஆயிற்று.

உருவத்தைத் தேடாதீர்கள், அசைவைத் தேடுங்கள். தட்டின் ஒரு ஓரத்தில் ஆரம்பித்து, வரிசை வரிசையாக, ஒவ்வொரு பரப்பிலும் சில நொடி நின்று நகருங்கள்.

முதலில் கண்ணில் படுவது அநேகமாக உருளைப்புழு. நூல் போல மெலிந்து, ஓயாமல் நெளிந்து துள்ளும். அடுத்து ரோட்டிஃபர்: முன்முனையை ஒட்டி, பின்பக்கத்தை இழுத்து, மறுபடி நீண்டு நகரும், ஓரிடத்தில் நிலைத்ததும் தலையில் இரண்டு சக்கரங்கள் சுழல்வது போலத் தெரியும். சுழல்வது மயிரிழைகள்தான், சக்கரம் எதுவும் இல்லை. இவற்றைக் கண்டால் ஏமாற்றமடைய வேண்டாம். கூரை வடிகாலில் காய்ந்து கிடந்த வண்டலை நனைத்துப் பார்த்து, அதில் உயிர்கள் மீண்டும் அசைவதை 1702இல் மைக்ராஸ்கோப் முன்னோடியான டச்சுக்காரர் லேவன்ஹுக் எழுதிவைத்தாரே, அவர் பார்த்தது இந்த ரோட்டிஃபர்களைத்தான். சைபீரிய உறைமண்ணில் சுமார் 24,000 ஆண்டுகள் உறைந்திருந்த ரோட்டிஃபர் மறுபடி உயிர்பெற்றதாக 2021இல் ஓர் ஆய்வு வெளியானது. நீர்க்கரடிக்குக் கிடைத்த விளம்பரம் பாவம் இதற்குக் கிடைக்கவில்லை.

நீர்க்கரடி இவை இரண்டைப் போலவும் இருக்காது. குண்டாக, கட்டையாக, பெரும்பாலும் அரை மில்லிமீட்டருக்கும் குறைவான நீளத்தில், எட்டுக் கால்களையும் போட்டு உதைத்துக்கொண்டு கிடக்கும். உதைத்தாலும் இடம் பெயராது. வழுக்குத் தரையில் விட்ட நாய்க்குட்டியின் நிலைமை அதற்கு. கண்ணாடியிலும் பிளாஸ்டிக்கிலும் நகத்துக்குப் பிடி கிடைப்பதில்லை. பக்கத்தில் ஒரு பாசி இலையை ஊசி முனையால் தள்ளிவிட்டுப் பாருங்கள். கால் பட்டதும் பற்றிக்கொண்டு, சாவகாசமாக ஏறிப் போகும். முன்னால் உள்ள மூன்று ஜோடிக் கால்கள் நடக்க, பின்நோக்கி நீண்ட நாலாவது ஜோடி பிடித்துக்கொள்ள. இந்த நடையைப் பார்ப்பதற்காகவே இத்தனை ஏற்பாடும் செய்யலாம் என்பேன்.

செங்கல் நிறத்தில் ஒன்று தென்பட்டால், முதுகில் தகடுகள் அடுக்கியிருக்கிறதா என்று கவனியுங்கள். எகினிஸ்கஸ் என்ற பேரினமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

படி 4: கிட்டத்தில் பார்ப்பது

ஒன்றைக் கண்டதும், அதிலிருந்து கண்ணை எடுக்காமல், நுனி மெலிந்த டிராப்பரால் ஒரு சொட்டோடு உறிஞ்சி ஸ்லைடில் விடுங்கள். உடனே விடுங்கள், டிராப்பரின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டால் பிறகு வராது. கவர் கண்ணாடியை நேராக வைத்தால் பிராணி நசுங்கிவிடும். நான்கு மூலையிலும் துளி வாசலின் தடவி, மெல்ல அழுத்தி, அது அசையாமல் நிற்கும் அளவுக்கு மட்டும் இறக்குங்கள்.

இப்போது 100 மடங்குக்குப் போகலாம். இந்தத் தடவை கீழ்விளக்கே சரி, வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். தலையில் இரண்டு கரும்புள்ளிகள் தெரிந்தால் அவை கண்கள், எல்லா இனத்துக்கும் இருக்காது. வாயிலிருந்து ஒரு குழாய் நேராக உள்ளே போய் உருண்டையான ஓர் உறுப்பில் முடியும். அந்த உருண்டைதான் உறிஞ்சும் தசை. குழாயின் இருபுறமும் ஊசி போன்ற இரண்டு உறுப்புகள். பாசியின் செல்லை இவற்றால் துளைத்து உள்ளிருப்பதை உறிஞ்சும். குடித்தது உடலின் நடுவில் பச்சையாகவோ பழுப்பாகவோ அப்படியே தெரியும். ஊடுருவித் தெரியும் உடல் தேடும்போது தொல்லை, இங்கே அதுவே வசதி.

காலியான தோல் ஒன்றுக்குள் முட்டைகள் வரிசையாக இருப்பதையும் சில சமயம் காணலாம். சில இனங்கள் தோலுரிக்கும்போது கழற்றிய தோலுக்குள்ளேயே முட்டையிட்டுவிட்டுப் போய்விடும்.

போன் கேமராவைக் கண்ணருகு லென்ஸின் மேல் நேராகப் பிடித்தால் படம் எடுக்கலாம். புகைப்படத்தைவிட வீடியோ நன்றாக வரும்.

படி 5: காயவைத்து எழுப்புவது

விருப்பமிருந்தால் இதையும் செய்து பாருங்கள். ஈரம் போகும்போது நீர்க்கரடி கால்களை உள்ளே இழுத்து, உடலின் நீரில் பெரும்பகுதியை இழந்து, சுருங்கிய பீப்பாய் வடிவத்துக்கு வரும். 2007இல் ஃபோட்டான்-எம்3 விண்கலத்தில் பத்து நாள் வெட்டவெளியில் வைக்கப்பட்டவை இந்தக் காய்ந்த நிலையில் இருந்தவைதான். வெற்றிடத்தை அவை நன்றாகவே தாங்கின. சூரியனின் புற ஊதாக் கதிரும் முழுசாகச் சேர்ந்தபோது பிழைத்தவை மிகச் சில. அன்டார்டிக்காவில் 1983இல் எடுத்த பாசியை உறைநிலையில் வைத்திருந்து 2014இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் உருக்கியபோது, அதிலிருந்து எழுந்த நீர்க்கரடி முட்டையிட்டுக் குஞ்சும் பொரித்தது.

அதற்காகச் சாகாவரம் பெற்றது என்று நம்பிவிட வேண்டாம். ஸ்லைடில் உள்ள சொட்டு வேகமாகக் காய்ந்தால் பெரும்பாலும் செத்துப்போகும். தயாராக அதற்கு நேரம் வேண்டும். வடிதாளில் பாசித்துணுக்கும் கொஞ்சம் மணலும் வைத்து, அதன்மேல் பிராணியைச் சொட்டோடு விட்டு, இறுக மூடாத டப்பாவில் ஒன்றிரண்டு நாள் மெதுவாகக் காயவிடுங்கள். அப்புறம் ஒரு சொட்டுத் தண்ணீர். முதலில் உடல் உப்பும், பிறகு ஒரு கால் அசையும். சில நிமிடத்தில் நடக்கலாம், சில மணி நேரமும் ஆகலாம். எல்லாமும் எழுவதில்லை.

பார்த்து முடித்ததும் தட்டிலிருக்கும் தண்ணீரையும் பாசியையும் எடுத்த இடத்திலேயே விட்டுவிடுங்கள்.

சரியாக வரவில்லை என்றால்

ஒன்றுமே அசையவில்லை என்றால் பாசி இன்னும் சில மணி நேரம் ஊறட்டும். அதன்பிறகும் இல்லையென்றால் வேறு உறையை எடுங்கள், அதே பாசியோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

உருளைப்புழுவும் ரோட்டிஃபரும் மட்டும் இருந்தால் இடம் கொஞ்சம் அதிக ஈரமாக இருந்திருக்கலாம். இன்னும் வெயில் படும் பக்கத்துப் பாசியைப் பாருங்கள்.

நீர்க்கரடி கிடைத்தும், கால்களை விறைத்து நீட்டிக்கொண்டு, உப்பிப் போய் அசையாமல் கிடந்தால் செத்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். ஊறிய பாசி ஒரு நாளுக்கு மேல் தட்டில் கிடந்தால் தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்துவிடும், அப்போது இப்படித்தான் ஆகும். பழைய தண்ணீரை எடுத்துவிட்டுப் புதுத் தண்ணீரை மெல்லிய படலமாக ஊற்றி, சில மணி நேரம் கழித்துப் பாருங்கள். ரொம்ப நேரம் அப்படிக் கிடக்காதவை பெரும்பாலும் மறுபடி உதைக்க ஆரம்பிக்கும்.