வீட்டில் தொலைக்காட்சித் திருப்பலி: நோயாளிகள் உள்ள குடும்பங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோவிலுக்கு வர இயலாத முதியோருக்கு வீடு தேடி நற்கருணை, அதாவது திருப்பலியில் அர்ச்சித்து நாவில் வழங்கும் அப்பம், கொண்டுசெல்லும் பொதுநிலைப் பணியாளர்களில் (குருக்கள் அல்லாதவர்களில்) நானும் ஒருவன். புதிதாக இப்பணிக்கு வருவோரும், நோயாளியை வீட்டில் வைத்துப் பார்க்கும் குடும்பத்தாரும், முன்பு நாங்கள் தடுமாறிய அதே இடங்களில்தான் இன்றும் தடுமாறுகிறார்கள். திருப்பலியின்போது செல்பேசியை நோண்டக்கூடாது என்பது போன்றவை எல்லோருக்கும் தெரிந்தவை, அவற்றை விட்டுவிடுகிறேன்.

நடமாட முடிந்தவரும் தொலைக்காட்சியோடு நின்றுவிடுவது

2020 மார்ச்சில் கோவில்கள் மூடப்பட்டபோது தொடங்கிய பழக்கம், அவை திறந்த பின்னும் சில வீடுகளில் விட்டபாடில்லை. ஞாயிறன்று திருப்பலியில் பங்கேற்க வேண்டிய கடன் தொலைக்காட்சியில் தீராது. நோயாளிக்கோ அந்தக் கடனே இல்லை என்பதால், அவர் குற்றவுணர்வு கொள்ளத் தேவையில்லை. 1958இல் தொலைக்காட்சியின் பாதுகாவலியாக அறிவிக்கப்பட்ட, 13ஆம் நூற்றாண்டுத் துறவியான புனித கிளாராவும், நோயுற்றுப் படுத்திருந்த ஒரு கிறிஸ்மஸ் இரவில்தான் கோவில் வழிபாட்டைத் தம் அறையிலிருந்தே கண்டதாகச் சொல்லப்படுகிறது. எழுந்து நடக்க முடிந்த நாட்களில் அல்ல.

பங்குக் கோவிலுக்குத் தெரிவிக்காமல் இருப்பது

எனக்கு இன்றும் எரிச்சலூட்டுவது இதுதான். வீடு மந்திரிக்கச் சென்ற பங்குத்தந்தையுடன் ஒரு வீட்டுக்குள் நுழைந்தபோது, காலைத் திருப்பலிக்கு முதல் ஆளாக வந்து தூணோரம் அமரும் பாட்டி, இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் கிடந்தார். அவர் வெளியூரில் மகள் வீட்டில் இருப்பதாகவே எங்கள் அன்பியத்தில் (பங்கின் அக்கம்பக்கக் குடும்பங்களின் குழுவில்) எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம். மகன் ஒரு குறையும் வைக்கவில்லை: கட்டிலுக்கு எதிரே பெரிய தொலைக்காட்சி, ஞாயிறுதோறும் மாதா தொலைக்காட்சியில் திருப்பலி, தலையணைக்குப் பக்கத்தில் செபமாலை. “அம்மாவுக்கு ஒரு வாரம்கூடப் பூசை தவறியதில்லை, சாமி” என்று பெருமையோடு சொன்னார். பாட்டியைப் பார்த்துக்கொள்ளும் பெண் சொன்னதோ வேறு. பூசை முடியப்போகும் நேரத்தில் பாட்டி வாயைத் திறந்து நாக்கை நீட்டுவாராம். தாகம் என்று நினைத்து இவர் ஒவ்வொரு முறையும் ஒரு கரண்டி தண்ணீர் ஊற்றுவாராம்.

அந்த மகன் பக்தி இல்லாதவர் அல்லர். தொலைக்காட்சியில் எல்லாம் நடந்துகொண்டிருந்ததாலேயே, தாய்க்கு ஏதோ கிடைக்கவில்லை என்பது அவருக்குத் தோன்றவில்லை. ஞாயிறைப் பற்றி 1998இல் எழுதிய திருமடலில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், ஒளிபரப்பு நோயாளிகளுக்கு மதிப்புமிக்க உதவி என்று ஏற்றுக்கொண்டதோடு, பணியாளர்கள் நற்கருணையையும் பங்கு மக்களின் வாழ்த்தையும் கொண்டுசென்றால் அந்த உதவி மேலும் சிறக்கும் என்றும் குறிப்பிட்டார். முன்பாதியைப் பிடித்துக்கொள்ளும் வீடுகள் பின்பாதியை மறந்துவிடுகின்றன. நோயாளிக்குக் குரு எண்ணெய் பூசிச் செபிக்கும் நோயில் பூசுதலும் இப்படித்தான் தள்ளிப்போகிறது. நோயாலோ முதுமையாலோ ஆபத்து தொடங்கும்போதே பெறக்கூடியதும், நோய் முற்றினால் மீண்டும் பெறக்கூடியதுமான அருளடையாளத்துக்கு, நினைவு தப்பிய பிறகு நள்ளிரவில் பங்குத்தந்தையை அழைப்பவர்களே அதிகம்.

அன்பியப் பொறுப்பாளரிடமோ பங்கு அலுவலகத்திலோ ஒரு வார்த்தை சொன்னால் போதும். மாதத்தின் முதல் வெள்ளியன்று நோயாளிகளைச் சந்திக்கும் வழக்கம் பல பங்குகளில் உண்டு. 1973இல் கிடைத்த அனுமதியின்படி பொதுநிலையினரும் நற்கருணை கொண்டுசெல்ல முடிவதால், ஞாயிறன்றே யாரேனும் வரவும் வாய்ப்புண்டு.

பட்டினி போடுவது

நற்கருணைக்கு முந்தைய ஒரு மணி நேர நோன்பு முதியோரையும் நோயாளிகளையும் அவர்களைப் பராமரிப்பவர்களையும் கட்டுப்படுத்தாது என்று திருஅவைச் சட்டம் 919 தெளிவாகச் சொல்கிறது. சர்க்கரை நோயுள்ள தாயைக் காலையிலிருந்து காப்பிகூடக் கொடுக்காமல் உட்காரவைத்திருந்த ஒரு வீட்டில், நற்கருணைச் சிமிழைத் திறக்கும் முன் இட்லி கொடுக்கச் சொல்ல வேண்டியதாயிற்று.

தொலைக்காட்சி முன் எண்ணெய், தண்ணீர், அப்பம் வைப்பது

வேண்டாம்.

வசதிப்பட்ட நேரத்தில் பதிவைப் பார்ப்பது

கோவில்கள் மூடியிருந்த 2020 மார்ச்சில்கூட உரோமை பரிந்துரைத்தது நேரலையைத்தான்.

நற்கருணை வரும்போதும் தொலைக்காட்சி ஓடுவது

புதிய பணியாளர்கள் கூச்சப்பட்டு, ஒலியைக் குறைக்கச் சொல்வதோடு நின்றுவிடுகிறார்கள். அணைக்கச் சொல்லுங்கள்.

விழுங்க முடியாதவருக்கு நாமே முடிவு செய்வது

“அம்மாவுக்குத் தொண்டையில் இறங்காது, டிவியிலேயே பார்க்கட்டும்” என்று வாசலிலேயே சொல்லித் திருப்பி அனுப்புவோர் உண்டு. அப்பத்தின் சிறு துணுக்கே போதும். பின்னர் சிறிது தண்ணீர் கொடுக்கலாம். அதுவும் இயலாவிட்டால், தேவையை முன்னிட்டு திராட்சை இரசத்தின் வடிவில் மட்டும் வழங்கச் சட்டம் 925 இடமளிக்கிறது. ஆனால் அதற்கு ஏற்பாடு செய்ய வேண்டும் என்பதால், நோயாளியின் நிலையைப் பங்குத்தந்தையிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.