கூட்டு வீட்டுக் கடனிலிருந்து என் பெயரை நீக்கிய அனுபவம்

நானும் என் கணவரும் பரஸ்பர சம்மதத்தில் விவாகரத்து கோரி மனு போட்டபோது, சென்னை வீடும் அதன் மீதான கடனும் இருவர் பெயரிலும் இருந்தன. வீடு அவருக்கு என்று பேசி முடித்தோம். ஆனால் குடும்ப நீதிமன்றத் தீர்ப்பு வங்கியைக் கட்டுப்படுத்தாது. அவர் தவணை தவறினால் என் சிபில் மதிப்பெண்ணும் (கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று காட்டும் மதிப்பெண்) சேர்ந்து அடிபடும்.

முதலில் வங்கிக்குப் போனோம். மீதிக் கடனுக்கு அவர் சம்பளம் மட்டும் போதாது என்றார்கள். அவருடைய தம்பி இணைக் கடன்தாரராகச் சேர்ந்த பிறகே என் பெயரை நீக்கச் சம்மதித்தார்கள்.

அடுத்து, வீட்டில் என் பங்கை அவருக்கு விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம். இதில் நேரம் மிக முக்கியம், தோழிகளே! தமிழ்நாட்டில் குடும்பத்தினருக்கு இடையிலான விடுதலைக்கு முத்திரைத் தீர்வை 1 சதவீதம்தான். 2023 ஜூலையில் அதன் உச்சவரம்பு 40,000 ரூபாய் ஆனது. தீர்ப்பு வந்துவிட்டால் சட்டப்படி கணவன் மனைவி இல்லையே! ஆகவே நீதிமன்றம் தரும் ஆறு மாதக் காத்திருப்புக் காலத்திலேயே, வங்கியின் தடையில்லாச் சான்றுடன் சார்பதிவாளர் முன் கையெழுத்திட்டு, ரேகையும் வைத்தேன்.

கடன் பொறுப்பிலிருந்து என்னை விடுவித்ததாக வங்கியிடம் கடிதம் கேட்டு வாங்கினேன். வாய்வார்த்தையை நம்பி எழுந்து வந்துவிடாதீர்கள். பிறகு எடுத்த சிபில் அறிக்கையில் அந்தக் கடன் இன்னும் என் பெயரில்தான் இருந்தது. கடிதத்தை இணைத்து முறையிட்ட பிறகே நீக்கினார்கள்.