கத்திரி வெயிலில் மாடித்தோட்டம்: எதைக் காப்பாற்றலாம், எதை விட்டுவிடலாம்

மே 4-ஆம் தேதி வாக்கில் அக்னி நட்சத்திரம் தொடங்கிவிடும். 28-ஆம் தேதி வரைக்கும் மாடியில் வெயில் மண்டையைப் பிளக்கும். தை, மாசியில் ஆசை ஆசையாகச் செடி வைத்தவர்களில் பலர் தோட்டமே வேண்டாம் என்று பையைக் கவிழ்ப்பது இந்த நாட்களில்தான். தக்காளியில் பூ கொட்டும், மிளகாய் இலை சுருளும், கொத்தமல்லி முளைத்த வேகத்தில் பூத்து ஓய்ந்துபோகும். உடனே உரக்கடைக்கு ஓடி ஏதாவது ஒரு பாட்டிலை வாங்கி வந்து அடிப்பார்கள்.

இவற்றில் பாதித் தொல்லை வெயில் செய்வது. அதற்கு மருந்து கிடையாது, வெயில் தணிந்தால் தானாகவே சரியாகும். மீதிப் பாதி நாம் கவனித்தால் நின்றுவிடும். எது எந்த வகை என்று பிரித்துப் பார்ப்பதுதான் மே மாத வேலை. திருச்சி மாதிரி ஊரில், நாள் முழுக்க வெயில் விழும் கான்கிரீட் மாடியை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். மதுரை, வேலூர், சென்னைக்கும் பொருந்தும். ஊட்டிக்காரர்கள் சிரித்துக்கொண்டே கடந்துவிடலாம்.

படி 1: செடி வாடுவதை எப்போது நம்பலாம்?

மதியம் இரண்டு மணிக்கு மாடிக்குப் போனால் எல்லாச் செடியும் தலையைத் தொங்கப் போட்டிருக்கும். பீர்க்கு, புடலை மாதிரி அகல இலைக் கொடிகள் பார்க்கவே பாவமாக இருக்கும். இதைப் பார்த்து அப்போதே ஒரு குடம் தண்ணீர் ஊற்றுவதுதான் புதிதாகச் செடி வளர்ப்பவர்களிடம் நான் அதிகம் பார்க்கும் தவறு. வேர் உறிஞ்சும் வேகத்தைவிட இலை நீரை ஆவியாக விடும் வேகம் அதிகமானால், மண் ஈரமாக இருந்தாலும் இலை தொய்யும். சாயங்காலம் ஆறு மணிக்கு நிமிர்ந்துவிட்டால் செடிக்கு ஒன்றும் இல்லை.

காலை ஆறு மணிக்குப் போய்ப் பாருங்கள். அப்போதும் வாடியிருந்தால் விஷயம் வேறு. ஆள்காட்டி விரலை இரண்டு கணு ஆழத்துக்கு மண்ணில் விடுங்கள். காய்ந்திருந்தால் தாகம். நசநசவென்று ஈரமாக இருந்தும் செடி வாடினால் வேர் அழுகுகிறது. அந்தப் பைக்கு இன்னும் தண்ணீர் ஊற்றினால் செடி செத்தே போகும்.

படி 2: தண்ணீர்

காலை ஏழு மணிக்குள் ஒருமுறை, நன்றாக. பையின் அடித் துளையில் தண்ணீர் கசிந்து வெளியே வரும்வரை ஊற்ற வேண்டும். காய்க்கும் நிலையில் உள்ள வெண்டை, கத்திரிக்கு ஓரடிப் பையில் ஒரு நாளைக்கு ஒன்றரை, இரண்டு லிட்டர்வரை ஆகும். சாயங்காலம் விரலை விட்டுப் பார்த்துத் தேவையென்றால் கொஞ்சம். மேலாகத் தெளித்துவிட்டுப் போனால் வேர் மேலேயே படரும், அடுத்த நாள் வெயிலில் அதுவே முதலில் கருகும்.

குழாயில் நீண்ட ஹோஸ் மாட்டியிருந்தால் முதலில் வருவது கொதிக்கிற தண்ணீர். கையில் பட்டுக் குளிர்ந்த பிறகு செடிக்குத் திருப்புங்கள்.

தென்னைநார்த்தூள் அதிகம் கலந்த பைகளில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. நார்த்தூள் ஈரமாக இருக்கும்வரை நீரை அருமையாகப் பிடித்து வைக்கும், ஆனால் ஒருமுறை சுத்தமாகக் காய்ந்துவிட்டால் தண்ணீரைச் சட்டென்று ஏற்காது. மண் கட்டி சுருங்கி, பைக்கும் அதற்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி விழும். நீங்கள் ஊற்றும் தண்ணீர் அந்த ஓரமாக இறங்கி அடியில் வெளியேறிவிடும். துளையில் தண்ணீர் வருகிறதே என்று நாமும் திருப்தியாகக் கீழே இறங்கிவிடுவோம், உள்ளே வேர் காய்ந்துகொண்டிருக்கும். பையைத் தூக்கிப் பார்த்தால் கனமே இருக்காது, அதுதான் அடையாளம். அந்தப் பையை ஒரு அகலமான டப்பில் தண்ணீர் விட்டு அரை மணி நேரம் உட்கார வையுங்கள். தூக்க முடியாத பெரிய பை என்றால், ஒரு சொம்பு ஊற்றிப் பத்து நிமிடம் விட்டு இன்னொரு சொம்பு என்று கொஞ்சம் கொஞ்சமாக ஊறவிடுங்கள்.

போர்த் தண்ணீர் உப்பாக இருந்தால் மண்மேல் வெள்ளையாகப் பூக்கும், இலை ஓரம் கருகும். பத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை நல்ல தண்ணீரைத் தாராளமாக விட்டு உப்பைக் கழுவி இறக்குங்கள். கோடை மழை பெய்தால் அந்த வேலையை அதுவே செய்துவிடும்.

படி 3: நிழலும் மூடாக்கும்

வெயிலில் பாதியை மறைக்கும் 50 சதவீத பச்சை நிழல்வலை போதும். 75 சதவீதம் வாங்கினால் வெண்டை நெட்டுக்குத்தாக வளர்ந்து காய்க்காமல் நிற்கும். வலையைச் செடியை ஒட்டிக் கட்டாமல் ஆள் உயரத்துக்கு மேல் கட்டுங்கள். பக்கவாட்டில் திறந்தே இருக்கட்டும், காற்று ஓடட்டும். மே மாதத்தில் திடீரென்று சூறைக்காற்றோடு மழை வரும், வலை பாய்மரம் மாதிரி காற்றை வாங்கிக் கம்பத்தோடு சாய்ந்துவிடும். அதனால் ஒரு பக்க முடிச்சுகளை இழுத்தால் அவிழும் சுருக்காகப் போட்டு வையுங்கள். வானம் கருத்தால் ஒரே இழுப்பில் சுருட்டிவிடலாம்.

மூடாக்கு என்பது மண்மேல் போடும் போர்வை. அதற்குக் காய்ந்த இலை, வைக்கோல், கரும்புச் சோகை, தேங்காய் மட்டையை உரித்த நார் எது கிடைத்தாலும் இரண்டு அங்குலம் போடுங்கள். தண்டை ஒட்டி மட்டும் வேண்டாம். பைகளைத் தரையில் வைக்காமல் செங்கல்மேல் ஏற்றுங்கள். கான்கிரீட் சாயங்காலம்வரை சூட்டைக் கக்கிக்கொண்டே இருக்கும். பைகளை நெருக்கி வைத்தால் ஒன்றுக்கொன்று நிழல் கொடுக்கும்.

படி 4: தக்காளியை அதன் போக்கில் விடுங்கள்

பகலில் 35 டிகிரியைத் தாண்டி, இரவிலும் சூடு இறங்காமல் இருந்தால் தக்காளியின் மகரந்தம் வீரியம் இழந்துவிடும். பூ பூக்கும், பிஞ்சு பிடிக்காது, காம்போடு உதிரும். தேங்காய்ப்பாலும் மோரும் புளிக்கவைத்த தேமோர்க் கரைசல், சாணம், கோமியம், பால், தயிர், நெய் சேர்த்த பஞ்சகவ்யம் எல்லாம் நல்லவைதான். கொடுமுடி டாக்டர் நடராஜன் பஞ்சகவ்யத்தை ஊர் ஊராகப் பரப்பிய நாளிலிருந்து எல்லோரும் லிட்டருக்கு 30 மி.லி. என்ற கணக்கில் தெளிக்கிறோம். ஆனால் திருச்சியில் 41 டிகிரி அடிக்கும்போது எதைத் தெளித்தாலும் தக்காளி பிஞ்சு பிடிக்கும் என்று நான் நம்பமாட்டேன். சிறு தக்காளி ரகங்கள் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும், அவ்வளவுதான்.

நோய் இல்லாத செடியாக இருந்தால் மூன்றில் ஒரு பங்கு வெட்டிவிட்டு அரை நிழலுக்கு நகர்த்துங்கள். பழசாகி இலையெல்லாம் புள்ளி விழுந்த செடியைத் தயங்காமல் பிடுங்குங்கள். ஏற்கெனவே பிடித்த காய்களின் அடிப்பக்கம் கருத்துத் தோல் மாதிரி ஆனால் அது புழுவோ பூஞ்சையோ இல்லை. ஒருநாள் வெள்ளம், ஒருநாள் வறட்சி என்று தண்ணீர் விட்டால் சுண்ணாம்புச் சத்து காய்க்குப் போய்ச் சேராது. படி 2-ஐ ஒழுங்காகச் செய்தால் அடுத்த காய்கள் நன்றாக வரும்.

கத்திரியும் மிளகாயும் வேறு ரகம். காய்த்து ஓய்ந்த கத்திரியை இப்போது ஓரடி உயரத்துக்கு வெட்டி, இரண்டு கை மண்புழு உரம் போட்டுவிட்டால் புதுத் துளிர் விட்டு மறுபடி காய்க்கும். வெட்டும்போது நுனி மட்டும் வாடித் தொங்கும் கிளை இருக்கிறதா பாருங்கள். கிள்ளிப் பார்த்தால் தண்டுக்குள் புழு இருக்கும். வாடிய இடத்துக்குக் கீழே வெட்டி, பைக்குள் போடாமல் அழித்துவிடுங்கள்.

படி 5: மிளகாய் இலை சுருண்டால்

சுருட்டை என்ற ஒரே பெயரில் இரண்டு பூச்சிகளின் வேலையைச் சொல்கிறோம். இலை ஓரம் மேல்நோக்கிப் படகு மாதிரி சுருண்டால் இலைப்பேன். கீழ்நோக்கிச் சுருண்டு, காம்பு நீண்டு, இலை குறுகினால் சிலந்திப்பேன். இலைப்பேனைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு: நுனிக்குக் கீழே ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்துக் கிளையை இரண்டு தட்டுத் தட்டுங்கள். ஊசி முனை அளவில் மஞ்சளாக, நீளவாக்கில் ஏதாவது ஓடினால் அதுதான். மிளகாயைச் சுருட்டும் சிலந்திப்பேன் கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னது, அதற்கு இலை சுருண்ட திசைதான் சாட்சி.

இரண்டுக்கும் முதல் மருந்து தண்ணீர். காலையில் இலையின் அடிப்பக்கம் படும்படி வேகமாகப் பீய்ச்சுங்கள். தூசியும் வறட்சியும் இருக்கும் இடத்தில்தான் இவை பெருகும். அப்புறம் வேப்பெண்ணெய்: 5 மி.லி. எண்ணெயில் சில சொட்டு சோப்புக் கரைசலைவிட்டு முதலில் நன்றாகக் குழைத்து, பிறகு ஒரு லிட்டர் தண்ணீரில் கலக்குங்கள். நேராகத் தண்ணீரில் விட்டால் எண்ணெய் மிதக்கும், தெளிக்கும்போது ஒரு செடிக்கு வெறும் தண்ணீரும் கடைசிச் செடிக்கு முழு எண்ணெயும் போய்ச் சேரும். மாலை ஐந்து மணிக்குப் பிறகு மட்டும் தெளியுங்கள், வெயிலில் தெளித்தால் இலை வெந்துவிடும்.

மாவுப்பூச்சிக்கும் பீய்ச்சும் தண்ணீர், பழைய பல்தேய்க்கும் பிரஷ், சோப்புத் தண்ணீர் போதும். எறும்பு ஏறும் வழியையும் அடைக்க வேண்டும், மாவுப்பூச்சியின் இனிப்புக் கழிவுக்காக எறும்புகள்தான் அதைக் காவல் காக்கின்றன. 2008-இல் கோவைப் பக்கம் பப்பாளி மாவுப்பூச்சி வந்தபோது பப்பாளி, மல்பெரி, மரவள்ளி எதுவும் தப்பவில்லை. மருந்தடித்து அடங்காத அதை 2010-இல் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து விட்ட ஒரு பொடிக் குளவிதான் அடக்கியது. மாடியில் குளவி, பொறிவண்டு, சிலந்தி கண்ணில் பட்டால் விட்டுவிடுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

வெண்டை இலையில் நரம்பெல்லாம் மஞ்சளாக வலைபோல் தெரிந்தால் அது வெள்ளை ஈ பரப்பும் வைரஸ். குணமாகாது, செடியைப் பிடுங்கிவிட வேண்டியதுதான். மஞ்சள் ஒட்டும் அட்டை இரண்டு தொங்கவிட்டால் ஈ குறையும். அடுத்தமுறை அர்கா அனாமிகா மாதிரி இந்நோயைத் தாங்கும் ரகம் போடுங்கள்.

படி 6: கொடிகளுக்கு மாலையில் கை கொடுங்கள்

கடும் வெயிலில் கொடிக்காய்கள் ஆண்பூவையே அள்ளிக் கொட்டும். பெண்பூ குறைவாகத்தான் வரும், வந்த ஒன்றும் மஞ்சளாகிச் சுருங்கினால் பெரும்பாலும் மகரந்தம் சேரவில்லை. மாடியில் தேனீ வருவதும் குறைவு. மகரந்தம் சேர்க்கும் வேலையை நாமே செய்யலாம், ஆனால் பூ மலரும் நேரம் தெரிந்திருக்க வேண்டும். பாகல், பூசணி, வெள்ளரி காலையில் மலரும். பீர்க்கும் சுரையும் சாயங்காலம்தான்.

பீர்க்குக்கு மாலை ஐந்தரை, ஆறு மணிக்குப் போங்கள். ஆண்பூ கொத்தாக, வெறும் காம்போடு இருக்கும். பெண்பூ தனியாக, இதழுக்குக் கீழே வரிவரியாக விரல்நீளப் பிஞ்சோடு இருக்கும். புதிதாக விரிந்த ஆண்பூ ஒன்றைக் காம்போடு பறித்து, இதழ்களைப் பின்னால் மடக்கிப் பிடியுங்கள். நடுவில் இருக்கும் மகரந்தம் விரலில் தொட்டால் மஞ்சளாக ஒட்ட வேண்டும், ஒட்டாவிட்டால் வேறு பூ. பெண்பூவின் நடுவில் பிசுபிசுப்பாக இருக்கும் சூல்முடியில் மெதுவாகச் சுற்றித் தடவுங்கள், எல்லாப் பக்கமும் பட வேண்டும். பாதிதான் பட்டால் காய் ஒரு பக்கம் பருத்து மறுபக்கம் சூம்பிக் கோணலாக வரும். வேலை முடிந்த பூவின் காம்பில் ஒரு நூல் கட்டி வையுங்கள். இரண்டு மூன்று நாளில் பிஞ்சு பச்சையாகப் பருத்திருந்தால் பிடித்துவிட்டது.

படி 7: வெயிலை விரும்புவதைப் போடுங்கள்

மே மாதத்தில் தோட்டம் வெறிச்சோட வேண்டியதில்லை. வெண்டை, கொத்தவரை, காராமணி, சிறுகீரை, தண்டுக்கீரை எல்லாம் தண்ணீர் மட்டும் தவறாமல் கிடைத்தால் வெயிலில் ஜம்மென்று வரும். கொடிப்பசலையும் பொன்னாங்கண்ணியும் அரை நிழலில் செழிக்கும். கொத்தமல்லி, பாலக், முள்ளங்கியை ஐப்பசிக்கு ஒத்திப்போடுங்கள்.

வெண்டை விதையை இரவு ஊறவைத்துக் காலையில் ஊன்றினால் நான்கைந்து நாளில் முளைக்கும், சுமார் 45 நாளில் முதல் காய். ஒருநாள் விட்டு ஒருநாள் பறித்தே ஆக வேண்டும். ஊருக்குப் போய்விட்டு நாலு நாள் கழித்து வந்தால் காய் முற்றி நாராகியிருக்கும், செடியும் அடுத்த பூவை மெதுவாகத்தான் எடுக்கும்.

கீரை விதையைப் பொடிமணலோடு கலந்து தூவுங்கள், இல்லாவிட்டால் ஒரே இடத்தில் கொட்டும். தூவிய கையோடு எறும்பு வரிசை கட்டும். பையைச் சுற்றி ஒரு பிடி ரவையைப் போட்டால் அதை இழுத்துக்கொண்டு போய்விடும். மேலே ஈரச் சாக்கு மூடி, முளை தெரிந்த அன்றே எடுத்துவிடுங்கள். சிறுகீரை 25 நாளில் சமையலுக்குத் தயார்.

படி 8: ஆடிக்கு நாற்று

ஆடிப் பட்டம் தேடி விதை என்பார்கள். ஆடி பிறப்பது ஜூலை 17 வாக்கில். தக்காளி, கத்திரி, மிளகாய் நாற்று 25 முதல் 40 நாள் வளர வேண்டும் என்பதால் ஜூன் முதல் பாதியிலேயே குழித்தட்டில் (சின்னச் சின்னக் குழிகள் உள்ள நாற்றுத் தட்டு) விதை போட்டாக வேண்டும். மிளகாய்தான் மெதுவாக வளரும், அதை முதலில் போடுங்கள். காலியான பைகளை இந்த மே வெயிலிலேயே தார்ப்பாயில் கொட்டிப் பரப்புங்கள். நூற்புழு, வேர்ப்புழு, பூஞ்சை எல்லாம் சூட்டில் குறையும். ஒரு வாரம் கழித்து மூன்றில் ஒரு பங்கு தொழுஉரமும் இரண்டு கை வேப்பம்புண்ணாக்கும் கலந்து, லேசாக ஈரப்படுத்தி நிழலில் குவித்து வையுங்கள். நாற்று நடும் நாளுக்குள் அது பதமாகிவிடும்.