கூடுதல் பசை, கூடுதல் எடை: சிறு பால்சா விமானம் கட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாகங்கள் வெட்டி வரும் கிட் வாங்கி, பால்சா என்ற லேசான மரத்தில் முதன்முதலாகச் சிறு மாதிரி விமானம் கட்டுபவர்கள் அலட்சியத்தால் அதைக் கெடுப்பது குறைவு. பெரும்பாலும் அக்கறை மிகுந்துபோய்த்தான் கெடுக்கிறார்கள். இணைப்பு விட்டுவிடக் கூடாதே என்று ஒரு சொட்டுக்கு மூன்று சொட்டுப் பசை, மூக்கு உடையக் கூடாதே என்று ஒரு பிளைவுட் துண்டு, மரச் சட்டத்தின்மேல் ஒட்டும் பிளாஸ்டிக் உறை தொய்யக் கூடாதே என்று இன்னொரு தடவை இஸ்திரி. தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் நியாயமாகவே தெரியும். தராசில் ஏற்றும்போதுதான் கணக்கு உதைக்கும்.

அந்தக் கணக்கையே முதலில் பார்த்துவிடலாம். இறக்கையின் முழு நீளம் 60 செ.மீ., அகலம் 12 செ.மீ. கொண்ட ஒரு சிறு ரேடியோ விமானம், பேட்டரியோடு 120 கிராம் இருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கட்டி முடித்தபோது அது 170 கிராம் ஆகிவிட்டது. விழாமல் பறப்பதற்குத் தேவையான குறைந்தபட்ச வேகம் எடையின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப உயரும். இங்கே சுமார் 19 சதவீதம். பெரிய உயர்வாகத் தோன்றாது. ஆனால் தரையில் மோதும்போது எடையும் வேகத்தின் வர்க்கமும் சேர்ந்து பெருகுவதால், மோதலின் ஆற்றல் இரு மடங்காகிவிடும். உடையாமல் இருக்கட்டும் என்று ஏற்றிய எடையே உடைக்கும் வலுவையும் கூட்டிக்கொண்டு வருகிறது. சிறு பால்சா விமானங்கள் விழுந்தும் பிழைப்பதற்குக் காரணம் அவை லேசாக இருப்பதுதான்.

மரத்தை எடை போடாமல் தொடங்குவது

பால்சா பெருமளவில் ஈக்வடாரிலிருந்து வருகிறது. விரைவாக வளரும் மரம். அதன் அடர்த்தி ஏகத்துக்கு மாறும். கன மீட்டருக்கு 100 கிலோ உள்ளதும் கிடைக்கும், 200 கிலோ உள்ளதும் கிடைக்கும். ஒன்றரை மில்லிமீட்டர் தடிமன், 10 செ.மீ. அகலம், ஒரு மீட்டர் நீளமுள்ள ஒரு தகடு 15 கிராமும் இருக்கலாம், 30 கிராமும் இருக்கலாம். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். நல்ல கிட் தயாரிப்பாளர்கள் மரத்தைத் தரம் பிரித்துத்தான் தருகிறார்கள் என்றாலும், பெட்டியைப் பிரித்த கையோடு ஒட்ட உட்காராமல் ஒரு சிறிய டிஜிட்டல் தராசை எடுத்துக்கொள்ளுங்கள். வாலுக்கு வரும் பாகங்கள் கனத்தால், அதே வடிவத்தை லேசான தகட்டில் வெட்டிக்கொள்வது அரை மணி நேர வேலை.

இறக்கையின் நீளவாட்டில் ஓடும் ஸ்பார் கட்டைகளுக்கு எடை மட்டும் பார்த்தால் போதாது. ஒவ்வொன்றையும் மேசை விளிம்பில் பாதி வெளியே நீட்டி, நுனியில் ஒரே அளவு பாரத்தைத் தொங்கவிட்டுப் பாருங்கள். ஒன்று அதிகமாகவும் மற்றொன்று குறைவாகவும் வளைந்தால் அவற்றை வலமும் இடமும் போடக் கூடாது. ஒரு பக்கம் கூடுதலாக வளையும் இறக்கை, வேகம் எடுக்கும்போது விமானத்தை அந்தப் பக்கமோ எதிர்ப்பக்கமோ இழுத்துக்கொண்டே இருக்கும். பழியோ வாலையும் இறக்கையையும் திருப்பும் சிறு மோட்டாரான சர்வோ மீது விழும்.

இரண்டு இடது இறக்கைகள்

சிரிக்கக் கூடாது, இது நிஜமாகவே நடக்கிறது. பல வரைபடங்களில் ஒரு பக்க இறக்கை மட்டுமே வரையப்பட்டிருக்கும். அதன்மேல் ஒன்றைக் கட்டி எடுத்துவிட்டு, அதே உற்சாகத்தில் இரண்டாவதையும் அதே கோடுகள் மீது கட்டினால், கையில் இருப்பது இரண்டு இடது இறக்கைகள். உடலின் பக்கப் பலகைகளிலும் இது நேரும். இரண்டிலும் உள்தாங்கியை ஒரே பக்கமாக ஒட்டிவிடுவார்கள். பழைய வைத்தியம் ஒன்று உண்டு: வரைபடத் தாளில் சமையல் எண்ணெயைத் துணியால் தேய்த்தால் கோடுகள் மறுபக்கம் தெரியும், திருப்பிப் போட்டு அடுத்ததைக் கட்டலாம். நகல் எடுத்தும் செய்யலாம், ஆனால் நகல் இயந்திரம் அளவைச் சற்றே நீட்டியோ சுருக்கியோ விடும். லேசர் வெட்டிய பாகத்தை அதன்மேல் வைத்துச் சரிபார்த்த பிறகே நம்ப வேண்டும்.

கட்டும் பலகை சமமாக இல்லாவிட்டால் எவ்வளவு பொறுமையாக ஒட்டினாலும் இறக்கை பலகையின் கோணலையே படியெடுக்கும். சாப்பாட்டு மேசையை நம்பாதீர்கள். தடித்த கண்ணாடியோ, ரசமட்டமும் நேரான இரும்பு அளவுகோலும் வைத்துப் பார்த்த தட்டையான பலகையோ வேண்டும். குண்டூசி இறங்க வேண்டுமென்றால் அதன்மேல் மெல்லிய கார்க் விரிக்கலாம். வரைபடத்தின்மேல் பிளாஸ்டிக் தாள் விரிக்க மறந்தால் இறக்கையோடு வரைபடமும் எழுந்து வரும்.

பசை

எல்லா இடத்துக்கும் ஒரே பசை என்பதுதான் இங்கே மூலப் பிழை. ஃபெவிகுவிக் போன்ற நீர்த்த சயனோ பசை இடைவெளியை நிரப்பாது. பாகங்கள் கச்சிதமாகப் பொருந்திய பிறகு ஓரத்தில் ஒரு சொட்டு தொட்டால் போதும், தானே உள்ளே ஊறிப் பிடித்துக்கொள்ளும். பொருத்தம் சரியில்லை என்றால் அந்த இடைவெளிக்குப் பால்சாச் சீவல் ஒன்றை வெட்டிச் செருக வேண்டும். பசையை ஊற்றிச் சமாளிக்கக் கூடாது. இன்னொரு சிக்கல், சயனோ இறுகிய இடம் கல்லாகிவிடும். அதன்மேல் உப்புத்தாள் ஓட்டும்போது இரண்டு பக்கமும் உள்ள மெத்தென்ற மரம் தேய்ந்து பள்ளமாகும், நடுவில் பசை வரம்பாக நிற்கும். பிறகு தேய்க்க வேண்டிய இணைப்புகளுக்கு ஃபெவிகால் வகை மரப் பசைதான் ஏற்றது. அதிலும் தண்ணீர் இருப்பதால் மெல்லிய தகட்டின் ஒரு பக்கத்தில் மட்டும் தாராளமாகப் பூசினால் தகடு சுருண்டுவிடும். ஊசி முனையால் தொட்டு வைத்தாலே போதும். அரால்டைட் போன்ற எபாக்சி, மோட்டார் அமரும் பலகைக்கு மட்டும். உடல் முழுக்க அதைத் தடவுபவர்கள் படகு கட்டப் போகலாம்.

சயனோவைக் கையாளும்போது பருத்திக் கையுறை வேண்டாம். பருத்தியில் பட்டால் அது சட்டென்று சூடேறும், தோலைச் சுடும், புகையவும் செய்யும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், கண்ணாடி அணியுங்கள். சென்னை போன்ற கடலோர ஊர்களின் ஈரப்பதத்தில் திறந்த பாட்டில் சீக்கிரமே கெட்டியாகிவிடும் என்பதால் பலர் குளிர்பதனப் பெட்டியில் வைக்கிறார்கள். நல்லதுதான், ஆனால் வெளியே எடுத்தவுடன் மூடியைத் திறந்தால் உள்ளே ஈரம் படிந்து பசை பாழாகும். அறை வெப்பத்துக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும்.

லேசர் விட்டுச்சென்ற கறுப்பு விளிம்பை முழுதாகத் தேய்த்து எடுக்க முனைவதும் வீண்வேலை. அப்படிச் செய்தால் பொருத்தும் காடிகள் லொடலொடத்துவிடும். பசை படும் இடத்தில் லேசாக ஓர் இழுப்பு இழுத்தால் போதும்.

வடிவமைத்தவரைத் திருத்துவது

மோட்டார் பலகை இரண்டு மூன்று டிகிரி கீழ்நோக்கியும் வலப்பக்கமும் சாய்ந்திருப்பதைப் பார்த்து, வெட்டியதில் பிழை என்று நினைத்து மூலைமட்டம் வைத்து நேராக்குகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தச் சாய்வு வேண்டுமென்றே வைத்தது. விசை கூடும்போது விமானம் மூக்கைத் தூக்குவதையும், புரொப்பெல்லரின் சுழற்சியால் இடப்பக்கம் திரும்புவதையும் அதுதான் அடக்குகிறது. இறக்கைகள் V வடிவில் உயர்ந்திருப்பதும் அப்படித்தான். எய்லரான் (இறக்கையின் பின் விளிம்பில் அசையும் தட்டு) இல்லாத, ரட்டரால் (வாலில் செங்குத்தாக நின்று அசையும் தட்டு) மட்டுமே திரும்புகிற விமானத்தில் அந்த உயர்வு இருந்தால்தான் விமானம் சாய்ந்து திரும்பும். அசல் போர் விமானம் போலத் தெரிய வேண்டும் என்று அதைத் தட்டையாக்கினால், ரட்டரைத் திருப்பினாலும் மூக்கு மட்டும் பக்கவாட்டில் நகரும், விமானம் நேராகவே போய்க்கொண்டிருக்கும்.

1926இல் தொடங்கப்பட்ட அமெரிக்காவின் கில்லோஸ் போன்ற நிறுவனங்களின் பல கிட்கள் ரப்பர் முறுக்கில் தாமாகப் பறக்க வடிவமைக்கப்பட்டவை. அவற்றில் ரேடியோ பொருத்துகிறவர்கள் எலிவேட்டர் (மூக்கை ஏற்றி இறக்கும் வால் தட்டு), ரட்டர் கீல்களைத் தாங்களே அமைக்க வேண்டும். முதல் கிட்டாக இவை வேண்டாம் என்பது என் கருத்து.

வாலில் ஒரு கிராம்

சிறு விமானத்தில் மூக்கு குட்டை, வால் நீளம். ஈர்ப்பு மையத்திலிருந்து வால் 40 செ.மீ. பின்னால், மோட்டார் 12 செ.மீ. முன்னால் என்றால், வாலில் கூடும் ஒவ்வொரு கிராமுக்கும் மூக்கில் மூன்று கிராமுக்கு மேல் ஈயம் வைக்க வேண்டிவரும். வாலில் ஐந்து கிராம் பசையும் வண்ணமும் சேர்ந்தால் மொத்தத்தில் இருபது கிராமுக்கு மேல் ஏறிவிடும். ஆகவே சர்வோக்களையும் பேட்டரியின் இடத்தையும் கடைசியில் முடிவு செய்யுங்கள். உறை போட்டு முடித்த விமானத்தில் அவற்றை முன்னும் பின்னும் நகர்த்திப் பார்த்து, ஈயமே இல்லாமல் சமநிலை கிடைக்கும் இடத்தில் ஒட்டலாம். வரைபடம் சொல்லும் புள்ளிதான் முதல் கணக்கு. அது இல்லாவிட்டால் முன் விளிம்பிலிருந்து இறக்கை அகலத்தின் 25 முதல் 33 சதவீதத்துக்குள் வைக்கலாம்; 12 செ.மீ. இறக்கையில் 3 முதல் 4 செ.மீ. முதல் பறப்புக்கு முன்பக்கம் சாய்வது மேல். மூக்கு கனத்த விமானம் மந்தமாகப் பறக்கும். வால் கனத்தது கைக்கு அடங்காது.

உறையும் முறுக்கும்

சூடு காட்டினால் சுருங்கி விறைக்கும் உறைப் படலத்தில், பெரிய விமானங்களுக்கான ரகம் சதுர மீட்டருக்குச் சுமார் 60 கிராம். மெல்லிய ரகம் அதில் பாதி. மேலே சொன்ன இறக்கைக்கு மட்டும் மேலும் கீழும் சேர்த்து கிட்டத்தட்ட 9 கிராமா, 4 கிராமா என்பது உங்கள் தேர்வு. எடையைவிடவும் சிக்கல், கனத்த படலம் இழுக்கும் இழுப்பு. ஒரு பக்கத்தை முழுதாக விறைத்துவிட்டு மறுபக்கத்துக்குப் போனால் மெல்லிய பின் விளிம்பு வாழைப்பழம் போல வளைந்துவிடும். முதலில் இரண்டு பக்கமும் விளிம்புகளை மட்டும் குறைந்த சூட்டில் ஒட்டி, பிறகு மேலும் கீழும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக விறைக்க வேண்டும்.

அப்படியும் முறுக்கு வந்துவிட்டால் பதற வேண்டாம். விமானத்தைப் பின்பக்கத்திலிருந்து, இறக்கை கண் மட்டத்தில் இருக்கும்படி பாருங்கள். ஒரு நுனியில் மட்டும் பின் விளிம்பு தாழ்ந்திருந்தால், மெதுவாகப் பறக்கும்போது அந்தப் பக்கம்தான் முதலில் சரியும். ஒருவர் அந்த நுனியைப் பிடித்து எதிர்த்திசையில், தேவைக்கு மேல் சற்றே கூடுதலாகத் திருக வேண்டும். படலத்தில் மூலைவாட்டில் சுருக்கங்கள் எழும். மற்றவர் அந்தச் சுருக்கங்கள் மறையும்வரை சூடு காட்ட வேண்டும். சூட்டை எடுத்த பிறகும் ஆறும்வரை கையை விடக் கூடாது. விட்டதும் சிறிது திரும்பி வந்து நிற்கும். இரண்டு நுனிகளிலும் பின் விளிம்பு இரண்டு மில்லிமீட்டர் உயர்ந்து நின்றால் அது குறையல்ல, நல்லதே. இவ்வளவும் செய்த விமானத்தை வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டுவைத்தால் எல்லாம் மறுபடி தளரும், அடர் நிறப் படலம் என்றால் இன்னும் விரைவாக.

பறக்கவிடும் முன்

எலிவேட்டர், ரட்டர் அசைவுகளை வரைபடம் சொன்ன அளவுக்கு மேல் வைக்காதீர்கள். எய்லரான் இருந்தால், விமானத்தின் பின்னால் நின்று ரிமோட்டின் குச்சியை வலப்பக்கம் தள்ளும்போது வலது எய்லரான் மேலே எழ வேண்டும். இது தலைகீழாக இருந்து முதல் பறப்பிலேயே உடைந்த விமானங்கள் ஏராளம்.

காற்று அடங்கிய அதிகாலையில், உயர்ந்த புல் உள்ள இடத்தில் மோட்டாரை இயக்காமல் சறுக்கவிடுங்கள். வானத்தை நோக்கி வீசுவது வேண்டாம். மூக்கைத் துளி தாழ்த்தி, தரைக்கு இணையாகத் தள்ளினால் போதும். எழும்பி நின்று விழுந்தால் பேட்டரியை ஒரு சென்டிமீட்டர் முன்னே தள்ளி மறுபடி பாருங்கள். நேராகக் குத்தினால் முதலில் எலிவேட்டர் நடுநிலையில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பிறகு சற்றே பின்னே நகர்த்துங்கள். ஒரு பக்கமாகவே சரிந்தால் முறுக்கு இன்னும் இருக்கிறது, இஸ்திரிக்குத் திரும்ப வேண்டியதுதான். சீராகச் சறுக்கி வயிற்றில் இறங்கினால் மோட்டாரை இயக்கலாம்.