ஸீன் நானோ துகள்களால் நறுமண எண்ணெய்ப் பால்மம் செய்வது எப்படி?

நறுமண எண்ணெயைத் தண்ணீரில் எவ்வளவு கலக்கினாலும் சற்று நேரத்தில் பிரிந்து மேலே வந்துவிடும். சோப்பு வகைப் பொருள்கள் சேர்க்காமல், ஒவ்வொரு எண்ணெய்த் துளியையும் சுற்றி நுண்துகள்களை ஒட்டவைத்தால் துளிகள் ஒன்றோடொன்று சேர முடியாது. எண்ணெய் இப்படி நுண்துளிகளாக நீரில் பரவி நிற்கும் கலவைதான் பிக்கரிங் பால்மம். பிக்கரிங் என்ற வேதியியலாளர் இதைப் பற்றி எழுதியது 1907-இல். ராம்ஸ்டன் 1903-லேயே இதைக் கவனித்துவிட்டார், பெயர் மட்டும் மற்றவருக்குப் போனது.

துகளுக்கு மக்காச்சோளப் புரதமான ஸீன் நல்ல தொடக்கம். தனித் தண்ணீரிலும் கரையாது, தனி எத்தனாலிலும் கரையாது; இரண்டும் கலந்தால் கரையும். அந்தக் குணத்தை வைத்துத்தான் துகளே செய்கிறோம்.

1. கரைசல். 32 மி.லி. எத்தனாலில் 8 மி.லி. காய்ச்சி வடித்த நீர் கலந்து, 1 கிராம் ஸீனைப் போட்டு ஒரு மணி நேரம் ஸ்டிர்ரரில் சுழல விடுங்கள். கரையாத தூசு இருந்தால் வடிகட்டுங்கள். எத்தனால் எளிதில் தீப்பற்றும். பக்கத்தில் நெருப்பு கூடாது.

2. துகள். பிஎச் (அமில-கார அளவு) 4-க்குக் கொண்டுவந்த 100 மி.லி. காய்ச்சி வடித்த நீரை வேகமாகச் சுழலவிட்டு, கரைசலை சிரிஞ்சால் மெல்லிய தாரையாக விடுங்கள். நீர் உடனே நீலச்சாயல் கலந்த பால்நிறமாகும். மாற்றிச் செய்யாதீர்கள். ஸீனுக்குள் தண்ணீரை மெதுவாக ஊற்றினால் துகளுக்குப் பதில் பிசின் போன்ற கட்டிதான் கிடைக்கும். அதைக் கலனிலிருந்து சுரண்டி எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

3. எத்தனாலை நீக்குதல். ரோட்டரி எவாப்பரேட்டரில் (வெற்றிடத்தில் குடுவையைச் சுழற்றி ஆவியாக்கும் கருவி) 40 டிகிரி செல்சியஸில் ஆவியாக்குங்கள். நுரைக்கும், அதனால் வெற்றிடத்தைப் படிப்படியாகக் கூட்டுங்கள். 95 மி.லி. அளவுக்கு இறங்கியதும், பிஎச் 4 நீர் விட்டு 100 மி.லி. ஆக்குங்கள். எத்தனால் மிஞ்சினால் துகள்கள் இளகி ஒட்டிக்கொள்ளும்.

4. பால்மம். ஆரஞ்சு எண்ணெய் 5 மி.லி., சூரியகாந்தி எண்ணெய் 5 மி.லி. கலந்து, 10 மி.லி. துகள் நீரில் சேருங்கள். ஹோமோஜெனைசர் (எண்ணெயை நுண்துளிகளாக உடைக்கும் கருவி) முனையை எண்ணெயும் நீரும் சந்திக்கும் இடத்தில் வைத்து, நிமிடத்துக்கு 12,000 சுழற்சியில் 2 நிமிடம் ஓட்டுங்கள். பாத்திரம் பனிக்கட்டியில் இருக்கட்டும், வாசனை ஆவியாகாது. கண்ணாடிக் குப்பியே வேண்டும். ஆரஞ்சு எண்ணெய் பாலிஸ்டைரீன் குழாயைக் கரைத்துவிடும்.

சூரியகாந்தி எண்ணெய் எதற்கு? நறுமண எண்ணெயின் மூலக்கூறுகள் தண்ணீரில் சிறிதளவு கரைந்து, சிறு துளியிலிருந்து பெரிய துளிக்கு நகர்ந்துகொண்டே இருக்கும். துகள்கள் சுற்றி நின்றாலும் இதைத் தடுக்காது. நீரில் கரையாத எண்ணெய் உடன் இருந்தால் அந்த நகர்வு அடங்கும்.

ஒரு துளியைத் தண்ணீரில் விட்டுப் பாருங்கள். பால்போலப் பரவினால் சரி.

மறுநாள் மேலே வெண்படலம் திரண்டிருந்தால் பயப்பட வேண்டாம். துளிகள் மேலேறியிருக்கின்றன, அவ்வளவுதான். குப்பியை மெல்லத் தலைகீழாக்கினால் கலந்துவிடும். மேலே தெளிந்த எண்ணெய் நின்றால்தான் பால்மம் உடைந்தது என்று அர்த்தம். பெரும்பாலும் துகள் போதாமை, இல்லாவிட்டால் பிஎச். ஸீனின் மின்னூட்டம் பிஎச் 6.2 அருகே பூஜ்யமாகிறது. அங்கே துகள்கள் தயிர்போல் திரியும். உப்பும் அதே வேலையைச் செய்யும், குழாய்த் தண்ணீரை எந்தப் படியிலும் சேர்க்காதீர்கள்.