ஏற்பியின் எந்த வடிவத்தில் டாக்கிங் செய்கிறீர்கள்?

மார்பகப் புற்றுநோய்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு ஈஸ்ட்ரோஜன் ஏற்பி (அந்த ஹார்மோன் வந்து ஒட்டும் புரதம்) உள்ளவை. அதனால் கணினியில் மருந்து வடிவமைக்கப் புதிதாக வருபவர்கள் பலர் இந்த ஏற்பியில்தான் கை வைக்கிறார்கள். புரதங்களின் முப்பரிமாணக் கட்டமைப்புகள் உள்ள பிடிபி தளத்தில் முதலில் கண்ணில் பட்ட கட்டமைப்பை இறக்கி, உடனே டாக்கிங்கை (மூலக்கூறு புரதத்தில் எப்படிப் பொருந்தும் என்ற கணினிக் கணிப்பை) ஓட்டிவிடுவதுதான் பெரிய தவறு.

இந்த ஏற்பிக்கு ஒரே வடிவம் கிடையாது. பிடிபியில் 1இஆர்இ என்ற குறியீடுள்ள கட்டமைப்பில் எஸ்ட்ராடையால் என்ற ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் உள்ளே உட்கார்ந்திருக்கும். ஏற்பியின் 12ஆவது ஹெலிக்ஸ் (சுருள் பகுதி) அதன்மேல் மூடிபோலப் படிந்திருக்கும். 3இஆர்டி கட்டமைப்பில் இருப்பது 4-ஹைட்ராக்சிடமாக்சிஃபென், அதாவது டமாக்சிஃபென் என்ற மார்பகப் புற்றுநோய் மருந்து உடலில் மாறி உருவாகும் தடுப்பான். அதன் நீண்ட பக்கச் சங்கிலி வெளியே நீண்டு ஏற்பியின் ஆஸ்பார்டேட் 351 என்ற அமினோ அமிலத்தைப் பிடித்துக்கொள்ள, ஹெலிக்ஸ் மூட வழியில்லாமல் விலகிப்போய், ஏற்பி வேலை செய்யத் தேவையான துணைப் புரதம் ஒட்டவேண்டிய பள்ளத்தை அடைத்துவிடுகிறது. ஏற்பி முடங்குவது இதனால்தான். மூடிய வடிவத்தை வைத்துத் தேடினால், இப்படிப் பக்கச் சங்கிலி உள்ள நல்ல தடுப்பான்களெல்லாம் இடமின்றிக் கழிந்துபோகும். ஏற்பியைத் தூண்டிவிடும் சிறிய மூலக்கூறுகள் பட்டியலில் மேலே வந்து நிற்கும். புற்றுநோய்க்கு அதுவா வேண்டும்?

சரி, வடிவம் சரியாகத் தேர்ந்தாயிற்று. அப்புறம் தண்ணீர் மூலக்கூறுகளை ஒட்டுமொத்தமாக நீக்கிவிடாதீர்கள். குளுட்டமேட் 353-க்கும் ஆர்ஜினின் 394-க்கும் பக்கத்தில் உள்ள ஒரு தண்ணீர், மருந்தின் ஹைட்ராக்சில் தொகுதியைப் பிடித்துவைக்க உதவுகிறது. டமாக்சிஃபென் போன்ற மூலக்கூறின் அமீனுக்கு புரோட்டான் சேர்க்க மறந்தாலும் ஆஸ்பார்டேட்டுடனான உப்புப் பாலம் (எதிரெதிர் மின்சுமைகளின் பிணைப்பு) கிடைக்காது. படிகத்தில் இருந்த மூலக்கூறையே எடுத்து மறுபடி டாக் செய்து பாருங்கள். பழைய இடத்திலிருந்து 2 ஆங்ஸ்ட்ராமுக்கு மேல் விலகினால் அமைப்பில் ஏதோ கோளாறு.

டாக்கிங் தரும் மதிப்பெண்ணை மட்டும் நம்புவதும் ஆபத்து. டமாக்சிஃபென் ஏற்பியில் ஒட்டுவது குறைவுதான். கல்லீரல் அதை எண்டாக்சிஃபெனாக மாற்றிய பிறகே வீரியம் கூடுகிறது. வளர்சிதை மாற்றத்தை விட்டுவிட்டால் நல்ல மருந்தையும் கழித்துவிடுவோம்.

ஏற்பியின் மரபணுப் பிறழ்வுகளையும் விட்டுவிடக் கூடாது. ஒய்537எஸ், டி538ஜி பிறழ்வுகள் வந்தால் ஹார்மோன் இல்லாமலேயே ஹெலிக்ஸ் மூடிக்கொள்கிறது. அரோமடேஸ் தடுப்பான் (உடலில் ஈஸ்ட்ரோஜன் உருவாவதைக் குறைக்கும் மருந்து) எடுத்தவர்களிடம் நோய் திரும்பும்போது இவை அடிக்கடி தென்படுகின்றன. 2023 ஜனவரியில் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அனுமதித்த எலசெஸ்ட்ரான்ட் மருந்து, இத்தகைய இஎஸ்ஆர்1 (இந்த ஏற்பியின் மரபணு) பிறழ்வுள்ள நோயாளிகளுக்கானது. இயல்பான ஏற்பியில் மட்டும் சோதித்த மூலக்கூறு இவர்களுக்கு உதவாமல் போகலாம்.

டமாக்சிஃபென் மார்பகத்தில் தடுப்பான், கருப்பையில் தூண்டி. திசுவுக்குத் திசு துணைப் புரதங்கள் வேறுபடுவதால் வரும் இந்தச் சிக்கலை டாக்கிங் காட்டாது. ஆகவே கணினி தேர்ந்தெடுத்த மூலக்கூறை மார்பகச் செல்களில் மட்டுமல்ல, கருப்பை உட்படலச் செல்களிலும் சோதியுங்கள்.