கை முறிந்த குழந்தையின் வலியை மருத்துவமனை சேரும்வரை தணிப்பது எப்படி?

மாடிப்படியிலோ கொய்யா மரத்திலிருந்தோ விழுந்த குழந்தை, ஒரு கையை மறுகையால் தாங்கிக்கொண்டு யாரையும் தொடவிடாமல் அழுதால், எலும்பு முறிந்திருப்பதாகவே கருதிச் செயல்படுங்கள். 108-ஐ அழைத்தபின் வண்டி வரும்வரை வெறுமனே காத்திருக்க வேண்டாம். வலியைத் தணிக்கும் வேலை வீட்டிலேயே தொடங்கிவிடலாம்.

முறிந்த எலும்பு அசையும்போதுதான் வலி உயிரை வாங்குகிறது; ஆகவே அதை அசையவிடாமல் கட்டுவதே முதல் மருந்து. முதலில் வளையல், காப்பு, மோதிரம் ஆகியவற்றை வீக்கம் ஏறும் முன் கழற்றிவிடுங்கள். பின்பு ஒரு நாளிதழை நீளவாக்கில் கெட்டியாக மடித்து, அதன்மேல் பருத்தித் துண்டை விரித்து, கை எந்த நிலையில் இருக்கிறதோ அந்த நிலையிலேயே அதைத் தாங்கும்படி அணைகொடுத்து, முறிவுக்கு மேலும் கீழும் அசையாதபடி, ஆனால் இறுக்கிவிடாமல் கட்டுங்கள். வளைந்திருந்தால் நிமிர்த்தவோ, உருவிவிடவோ, எண்ணெய் தடவவோ கூடாது. விரல் நுனி வெளுத்தாலோ மரத்துப்போனாலோ கட்டைத் தளர்த்துங்கள். எலும்பு வெளியே தெரிந்தால் சுத்தமான துணியால் மூடினால் போதும்.

குழந்தை விழிப்பாக இருந்து, வாந்தியோ தலையடியோ வயிற்றில் அடியோ இல்லையென்றால், பாராசிட்டமால் சிரப் கொடுக்கலாம். ஒரு கிலோ எடைக்கு 15 மில்லிகிராம் என்பது கணக்கு. 12 கிலோ குழந்தைக்கு 180 மில்லிகிராம். இதை மில்லியாக மாற்றும்போதுதான் தவறு நேர்கிறது. 5 மில்லியில் 120 மில்லிகிராம் உள்ள சிரப்பில் அது ஏழரை மில்லி. 250 உள்ளதில் 3.6 மில்லி மட்டுமே. சொட்டு மருந்து இன்னும் செறிவானது என்பதால், லேபிளைப் படிக்காமல் ஊற்றவே கூடாது. கடந்த 4 மணி நேரத்துக்குள் கொடுத்திருந்தால் மறுபடி கொடுக்காதீர்கள். ஆஸ்பிரின் குழந்தைகளுக்கு வேண்டவே வேண்டாம். மயக்க மருந்து தேவைப்படக்கூடும் என்பதால் பாலோ பிஸ்கட்டோ கொடுக்காதீர்கள். வலி தணிந்தால் டாக்டருக்கு முறிவு தெரியாமல் போய்விடும் என்று பலர் அஞ்சுகிறார்கள். அந்த அச்சம் தேவையற்றது, வலி குறைந்த குழந்தையைப் பரிசோதிப்பதே எளிது.

பேசத் தெரியாத குழந்தையின் வலியை முகச்சுளிப்பு, கால் உதைப்பு, உடல் விறைப்பு, அழுகை, தேற்றினால் தேறுகிறதா என்ற ஐந்தையும் பார்த்து மதிப்பிடுங்கள். அழாமல் ஒடுங்கிக் கிடக்கும் குழந்தைக்கு வலி இல்லை என்று எண்ணிவிடாதீர்கள். என் கவலையெல்லாம் அத்தகைய குழந்தையைப் பற்றித்தான்.

ஆம்புலன்ஸில் அம்மாவோ அப்பாவோ குழந்தையின் கண்ணுக்கெதிரே இருக்க வேண்டும். "ஊசி வலிக்காது" என்று பொய் சொல்லாமல், "கொஞ்சம் வலிக்கும் கண்ணு, நான் உன் கையைப் பிடிச்சுக்கிறேன்" என்று சொல்லுங்கள். மருந்தின் பெயர், அளவு, கொடுத்த நேரம், கடைசியாகச் சாப்பிட்ட நேரம் ஆகியவற்றை ஒரு துண்டுச்சீட்டில் எழுதி, வண்டியில் வரும் மருத்துவ உதவியாளரிடம் ஏறும்போதே கொடுத்துவிடுங்கள்.